கடையில்லாத கைத்தொழிலாளர் கூகுள் வரைபடத்தில் இடம்பெறுவது எப்படி: டர்பன் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் கூரைக்குள் இருக்கும் கீசர் இரவு பத்து மணிக்கு வெடித்து, தண்ணீர் சுவர் வழியே இறங்கத் தொடங்கினால், வீட்டுக்காரர் முதலில் மெயின் வால்வை அடைப்பார். அடுத்த நொடியே கைபேசியை எடுப்பார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியோ, கோயில் கமிட்டியில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டோ, தெரிந்த பிளம்பர் இருக்கிறாரா என்று கேட்டிருப்பார். இன்று அந்தக் கேள்வி கூகுளிடம் போகிறது. கூகுள் ஒரு சிறு வரைபடத்தையும் அதன் கீழே பெரும்பாலும் மூன்று பெயர்களையும் காட்டுகிறது. இருபது ஆண்டுகளாக அதே தெருவில் வேலை செய்துவரும் ஒருவருடைய பெயர் அங்கே இல்லையென்றால், அவர் அந்த இரவில் அந்த வீட்டுக்காரருக்கு இல்லாதவரே.

வீட்டிலிருந்தே தொழில் நடத்தி, பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வேலை செய்யும் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பெயிண்டர், டைல்ஸ் பதிப்பவர், கேட் மோட்டார் பழுதுபார்ப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என் தாய்மாமா ஒரு பிளம்பர். அவருடைய தொழிலைப் பதிவு செய்து கொடுத்ததில் தொடங்கி, உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இந்த வேலையைச் செய்து தந்திருக்கிறேன். கடை வைத்திருப்பவருக்கு இது எளிது. கடையில்லாதவர்தான் இரண்டு இடங்களில் இடறுகிறார்: ஒன்று முகவரி, மற்றொன்று சரிபார்ப்பு, அதாவது தொழில் உண்மையானது என்று கூகுளிடம் நிரூபிப்பது. ஆகவே அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

கூகுளில் தொழிலுக்காகச் செய்யும் இந்தப் பதிவின் பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 நவம்பருக்கு முன்பு அதைக் கூகுள் மை பிசினஸ் என்று அழைத்தார்கள். பழைய வீடியோக்கள் அந்தப் பெயரில் ஒரு தனிச் செயலியைக் காட்டினால் குழம்ப வேண்டாம், அந்தச் செயலி இப்போது இல்லை. கூகுள் தேடல் பக்கத்திலும் கூகுள் மேப் செயலியிலும் இருந்தே எல்லாவற்றையும் செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி, இத்தனை ரேண்ட் கட்டாவிட்டால் பதிவு நீக்கப்படும் என்று மிரட்டும் அழைப்புகள் புதிதாகப் பதிவு செய்தவர்களைத் தேடி வருகின்றன. அவர்களுக்குப் பணமும் கொடுக்கக் கூடாது, கைபேசிக்கு வரும் சரிபார்ப்பு எண்ணையும் சொல்லக் கூடாது.

தொடங்குவதற்கு முன்

கணினியில் உட்காருவதற்கு முன்பே சில பொருள்களைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, தொழில் செய்பவருடைய சொந்த ஜிமெயில் கணக்கு. கணினி தெரிந்த மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ தன் கணக்கிலேயே பதிவைத் தொடங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பையன் கேப்டவுனுக்கு வேலைக்குப் போன பின்பு, அல்லது அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோன பின்பு, பதிவைத் திரும்பப் பெறுவதற்குப் படும் பாடு சொல்லி மாளாது. உரிமையாளர் கணக்கு தொழில்செய்பவருடையதாக இருக்க வேண்டும். உதவுபவரை மேலாளராகச் சேர்த்துக்கொள்ள வசதி இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மாறாத ஒரு தொலைபேசி எண். சிம் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கட்டும். ப்ரீபெய்ட் எண்ணை நெடுநாள் பயன்படுத்தாமல் விட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணை எழுதும்போது தென்னாப்பிரிக்காவின் குறியீடான +27ஐப் போட்டு, முதலில் வரும் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். டர்பனின் 031 அப்போது +27 31 ஆகிறது.

மூன்றாவது, தொழிலை நிரூபிக்கும் தாள்கள். தனி ஆளாகத் தொழில் செய்பவர் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தொழிலின் பெயர் அச்சிட்ட இன்வாய்ஸ் புத்தகம், பெயர் உள்ள வங்கிக் கடிதம், ஹார்ட்வேர் கடையில் உள்ள கணக்கின் ரசீது ஆகியவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் பின்னால் வேலை எளிதாகும். எலெக்ட்ரீஷியனாகத் தொழில் நடத்துபவர் 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்தச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். பிளம்பராக இருந்தால், பிளம்பர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிளம்பிங் இண்டஸ்ட்ரி ரெஜிஸ்ட்ரேஷன் போர்டின் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரும் வகையும்

பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பக்கியிலும் இன்வாய்ஸிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டாம். இதை நான் அனுபவத்தில் கற்றேன். மாமாவின் தொழிலைப் பதிவு செய்தபோது, அவருடைய பெயருக்குப் பின்னால் ஊர்ப் பெயரையும், இருபத்து நான்கு மணி நேரமும் என்பதையும், மலிவு என்பதையும் நானே சேர்த்து எழுதினேன். தேடுபவர் கண்ணில் முதலில் படும் என்பது என் நினைப்பு. சில வாரங்களில் பதிவு இடைநிறுத்தம் செய்யப்பட்டது. விதி தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது, படிக்காதது என் பிழை. பெயரைத் திருத்தி, இன்வாய்ஸையும் பக்கியின் படத்தையும் இணைத்து மேல்முறையீடு செய்த பின்பே பதிவு திரும்பி வந்தது. இடைப்பட்ட நாட்களில் அவருக்குக் கூகுள் வழியாக ஓர் அழைப்பும் வரவில்லை.

வகையைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை சிக்கல் இல்லை. முதன்மை வகை ஒன்றும், அதற்கு மேல் ஒன்பது கூடுதல் வகைகளும் வைத்துக்கொள்ளலாம். பிளம்பர் என்றால் பிளம்பர் என்பதே முதன்மை வகை. சாக்கடை அடைப்பு நீக்கும் வேலையும் உண்மையில் செய்தால் அதைக் கூடுதல் வகையாகச் சேருங்கள். எப்போதோ ஒருமுறை தம்பி வீட்டுக்குப் பெயிண்ட் அடித்ததற்காகப் பெயிண்டர் வகையைச் சேர்க்க வேண்டாம்.

முகவரியை மறைப்பதும் வட்டாரத்தைச் சொல்வதும்

வாடிக்கையாளர்கள் உங்கள் இடத்துக்கு வந்து போகும்படி கடையோ ஆபீஸோ இருக்கிறதா என்று பதிவின்போது ஒரு கேள்வி வரும். வீட்டிலிருந்து தொழில் செய்பவர் இல்லை என்று சொல்ல வேண்டும். சரிபார்ப்புக்காக வீட்டு முகவரியைக் கேட்டாலும் அது பொதுமக்களுக்குக் காட்டப்படாது. ஆம் என்று சொல்லிவிட்டால் உங்கள் வீட்டின் மீது சிவப்புக் குறி விழுந்துவிடும். அது விதிக்கு முரண் என்பதோடு, குழந்தைகளும் பெண்களும் தனியாக இருக்கும் வீட்டுக்கு, உள்ளே விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன என்ற விவரத்தோடு, முன்பின் தெரியாதவருக்கு வழிகாட்டுவதும் ஆகும். திருட்டுக்கு அஞ்சி வேலியும் அலாரமும் வைத்து வாழும் நம் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் இன்றே தங்கள் பதிவைத் திறந்து, வீட்டு முகவரி வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அஞ்சல் பெட்டி எண்ணை முகவரியாகக் கொடுக்க முடியாது.

முகவரியை எழுதும்போது மாநகராட்சிப் பில்லில் உள்ளபடியே எழுதுங்கள். டர்பனில் பல தெருக்களின் பெயர்கள் 2008ஆம் ஆண்டு மாற்றப்பட்டன. நம் பெரியவர்கள் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்கிறார்கள், ஆனால் அது டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட். அதேபோல் சாட்ஸ்வொர்த்தில் யூனிட் எண்ணைச் சொல்லி இடம் காட்டும் பழக்கம் 1960களில் அந்தக் குடியிருப்பு உருவானதிலிருந்து தொடர்கிறது. பேச்சுக்கு அது போதும். பதிவுக்குத் தெருப் பெயரும், பேவியூ, ஹேவன்சைடு போன்ற பகுதிப் பெயரும், அஞ்சல் குறியீடும் வேண்டும். பில்லில் ஒன்றும் பதிவில் மற்றொன்றும் இருந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

முகவரிக்குப் பதிலாக வெளியே தெரிவது நீங்கள் வேலைக்குப் போகும் வட்டாரம். இருபது இடங்கள் வரை சேர்க்கலாம். தொழில் நடக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்துக்கு மேல் அந்த எல்லை போகக் கூடாது என்பது கூகுளின் விதி. ஆனால் விதி அனுமதிக்கும் எல்லையையே உங்கள் எல்லையாக்க வேண்டாம் என்பது என் கருத்து. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர்தான். விதிப்படி அதைச் சேர்க்கலாம். ஆனால் அங்கிருந்து ஒருவர் குழாய் வாஷர் மாற்றக் கூப்பிட்டால் போவீர்களா? போக மாட்டீர்கள் என்றால் அந்த அழைப்பு இருவருக்கும் வீண், சில சமயம் ஒரு கசப்பான மதிப்புரையும் மிஞ்சும். மாமாவுக்குச் சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ், குவீன்ஸ்பர்க், இசிபிங்கோ, பைன்டவுன் என்று ஐந்தே இடங்களை வைத்தோம். ஊர்களை அதிகமாகச் சேர்ப்பதால் அந்த ஊர்களில் முதலில் தெரிவோம் என்பது தவறான எண்ணம். தேடுபவர் கேட்டதற்கு நீங்கள் எவ்வளவு பொருந்துகிறீர்கள், அவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள், எவ்வளவு அறியப்பட்டவராக இருக்கிறீர்கள் என்ற மூன்றையும் கொண்டே கூகுள் வரிசைப்படுத்துகிறது. பட்டியலில் எழுதுவதால் தொலைவு குறைவதில்லை.

சரிபார்ப்பு வீடியோ

இதுவே பலரும் பாதியில் கைவிடும் இடம். சரிபார்ப்பு எந்த வழியில் நடக்கும் என்பதைக் கூகுளே முடிவு செய்கிறது. சிலருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போதும். கடையில்லாத தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் வீடியோதான் கேட்கப்படுகிறது. வீடியோவை அந்தப் பதிவுப் பக்கத்தின் வழியாகவே கைபேசியில் எடுக்க வேண்டும். குறைந்தது 30 வினாடிகள் ஓட வேண்டும். இடையில் நிறுத்தவோ வெட்டி ஒட்டவோ கூடாது. அதில் மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள், இந்தத் தொழில் உண்மையில் நடக்கிறதா, அதை நடத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா.

நாங்கள் எடுத்த முறையைச் சொல்கிறேன். தெருமுனையில் தெருப் பெயர்ப் பலகை தெரியும்படி நின்று தொடங்கினோம். அங்கிருந்து நடந்து வீட்டு வாசலுக்கு வந்து, வீட்டு எண்ணைக் காட்டினோம். வாசலில் நின்ற பக்கியின் பக்கவாட்டில் எழுதியிருந்த தொழிலின் பெயரைக் காட்டி, மாமா சாவியைப் போட்டு வண்டியைத் திறந்தார். சாவி அவரிடம் இருப்பதே உரிமைக்கு ஒரு சான்று. உள்ளே இருந்த குழாய் வெட்டும் கருவி, ஸ்பானர்கள், காப்பர் குழாய்கள், புது கீசர் வால்வுகள் ஆகியவற்றின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தினோம். கடைசியாக, பெயர் அச்சிட்ட இன்வாய்ஸ் புத்தகத்தை எழுத்துகள் படிக்கும்படி சில வினாடிகள் நிலையாகப் பிடித்தோம். எல்லாமாகச் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது.

அதற்கு முன்பு ஒருமுறை எடுத்து நிராகரிக்கப்பட்டது. அந்தி வெளிச்சத்தில் எடுத்ததால் தெருப் பலகை படிக்க முடியவில்லை. ஆகவே காலையில் எடுங்கள். முதலில் வெறுமனே ஒருமுறை நடந்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். முகங்கள், வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை ஆகியவை வீடியோவில் வரவேண்டியதில்லை. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியில் பெயர் எழுதவில்லையென்றால், ஒட்டி எடுக்கக்கூடிய காந்தப் பலகை ஒன்றைச் செய்துகொள்வது வீண்செலவு ஆகாது. வீடியோவை ஏற்றுவதற்கு டேட்டா நிறையச் செலவாகும், பாதியில் அறுந்தால் மறுபடியும் தொடங்க நேரும். வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள், லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள். முடிவு தெரிய ஐந்து வேலை நாட்கள் வரை ஆகலாம். அந்த நாட்களில் பெயரையோ முகவரியையோ வகையையோ மாற்றாமல் காத்திருப்பது நல்லது.

பக்கத்தை நிரப்புதல்

சரிபார்ப்பு முடிந்தபின் அறிமுக உரை எழுதலாம். 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. இணைய முகவரிகளை அதில் எழுதக் கூடாது. டர்பனில் தேடுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள். ஆகவே உரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் தமிழிலும் பேசுவோம், ஜூலுவிலும் பேசுவோம் என்பது உண்மையானால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். தனியாக வாழும் ஒரு பாட்டிக்கு, வருபவர் தன் மொழியில் நாலு வார்த்தை பேசுவார் என்று தெரிவது பெரிய நிம்மதி. எத்தனை ஆண்டுகளாகத் தொழில் செய்கிறீர்கள், என்ன சான்றிதழ் தர முடியும் என்பவையும் அங்கேயே வர வேண்டும். வீடு விற்கும்போது, மின் நிறுவல் விதிப்படி இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வீட்டு விற்பனைக்காகவே எலெக்ட்ரீஷியனைத் தேடுபவர் பலர். அந்தச் சான்றிதழைத் தரும் தகுதி உங்களுக்கு இருந்தால் உரையின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

சேவைகள் என்ற பகுதியில் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், விலையும் குறிக்கலாம். கீசர் மாற்றுதல், வால்வு மாற்றுதல், அடைப்பு நீக்குதல் என்று வாடிக்கையாளர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். வந்து பார்ப்பதற்குக் கட்டணம் வாங்குவீர்கள் என்றால் அதை ரேண்டில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பழுதுபார்ப்புக்கு முன் மதிப்பீடு தந்து வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெறுவதைப் பற்றியது. எழுத்தில் மதிப்பீடு தருவோம் என்ற ஒரு வரி உங்கள் பக்கத்தில் இருப்பது, மலிவு என்ற சொல்லைவிட அதிக நம்பிக்கையைத் தருகிறது.

படங்களுக்குப் பெரிய கேமரா தேவையில்லை. கைபேசிப் படமே போதும், 5 எம்பிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான படங்களை எடுத்துப் போடாதீர்கள். கீசரின் அடியில் வைத்த தட்டும், அதிலிருந்து கூரைக்கு வெளியே போகும் வடிகுழாயும், நேராகப் பொருத்திய வால்வுகளும் தெரியும் ஒரு படம், வேலை தெரிந்தவர் இவர் என்பதை விவரம் அறிந்த வாடிக்கையாளருக்கு உடனே சொல்லிவிடும். வாடிக்கையாளரின் வீட்டுக்குள் எடுக்கும் படத்துக்கு அவருடைய அனுமதியைக் கேளுங்கள். வீட்டு எண், வண்டி எண், அலாரம் பெட்டி ஆகியவை படத்தில் விழக் கூடாது.

வேலை நேரத்தை உண்மையாக எழுதுங்கள். இரவில் தொலைபேசியை அணைத்துவிடுபவர் இருபத்து நான்கு மணி நேரம் என்று போட்டால், கீசர் வெடித்த அந்த வீட்டுக்காரர் மறுநாள் காலையில் ஒரு நட்சத்திரம் கொடுப்பார். சிறப்பு நேரம் என்ற வசதியும் இருக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டடத் தொழிலாளர்கள் எடுக்கும் விடுமுறையையும், அரசு விடுமுறை இல்லாவிட்டாலும் நீங்கள் வேலைக்குப் போகாத தீபாவளியையும், காவடி நாளையும் அதில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம்.

மதிப்புரைகள்

மதிப்புரை கேட்பதற்கு நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். வேலை நன்றாக முடிந்து, வாடிக்கையாளர் தேநீர் கொடுத்து நன்றி சொல்லும் அந்த நேரத்தில் கேட்பதில் தவறே இல்லை. உங்கள் பதிவிலிருந்து மதிப்புரைக்கான சிறு இணைப்பை எடுத்து, வாட்ஸ்அப்பில் தயாராக வைத்திருங்கள். வண்டியில் ஏறுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். மூன்று நாள் கழித்து அனுப்பினால் யாரும் எழுத மாட்டார்கள். மதிப்புரைக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதும், மகிழ்ச்சியாக இருப்பவர்களிடம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும், குடும்பத்தினரை எழுதச் சொல்வதும் விதிக்கு மாறானவை. ஒரே நாளில் பத்து மச்சான்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் படிக்கிற எவருக்கும் புரிந்துவிடும்.

குறை கூறி ஒருவர் எழுதினால் அன்றைக்கே பதில் எழுத வேண்டாம், ஒரு இரவு போகட்டும். மறுநாள் பெயரைச் சொல்லி வணங்கி, என்ன நடந்தது என்பதை இரண்டு வரியில் எழுதி, வந்து பார்க்கத் தயார் என்று முடியுங்கள். பணம் பாக்கி வைத்தார், இந்தத் தெருவில் இந்த வீடு என்றெல்லாம் எழுதுவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் சிக்கல். அந்தச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்பாட்டில் இருக்கிறது. உங்களிடம் வேலையே வாங்காதவர் எழுதியதென்றால் கூகுளிடம் புகார் செய்யலாம், ஆனால் வெறுமனே கடுமையாக இருக்கிறது என்பதற்காக அது நீக்கப்படாது.

பதிவு நிலைத்த பின்பு

அதே பெயர், அதே எண், அதே வட்டாரம் என்று ஒரு எழுத்தும் மாறாமல் மைக்ரோசாஃப்டின் பிங் பிளேசஸிலும் ஆப்பிள் வரைபடத்திலும் முகநூல் பக்கத்திலும் ஏற்றுங்கள். பிங்கில் கூகுள் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளும் வழி இருப்பதால் பத்து நிமிட வேலைதான். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை அதே எண்ணில் வைத்தால், வேலையில் கை நனைந்திருக்கும்போது வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம்.

மாதத்துக்கு ஒருமுறை பதிவின் செயல்திறன் பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் அழைத்தார்கள் என்பதோடு, என்ன சொற்களைத் தேடி உங்களைக் கண்டார்கள் என்பதும் அங்கே இருக்கும். மாமாவின் பக்கத்தை அடைந்தவர்களில் பலர் தண்ணீர்த் தொட்டியைத் தேடி வந்தவர்கள் என்பதை அப்படித்தான் அறிந்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் பல நாட்கள் குழாயில் தண்ணீர் வராமல் தவித்த ஊர் இது. ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் பம்ப்பும் பொருத்தும் வேலையை அவர் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தார், சேவைப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. அன்று மாலையே அந்த வரியைச் சேர்த்து, பின்கட்டில் அவர் பொருத்திய தொட்டியின் படம் ஒன்றையும் ஏற்றினோம்.